'மே ஐ ஹெல்ப் யூ' கவுண்டரை மூடியதில் எவ்வளவு மிச்சம்? மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

உங்கள் மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும். வேலூரில், தரைத்தளத்தில் லிஃப்டுக்கு எதிரே, ரெண்டு மாதம் முன்பு வரை நான்கு பெண்கள் மாறி மாறி உட்கார்ந்திருந்த 'மே ஐ ஹெல்ப் யூ' கவுண்டரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியும், சிரிக்கிற முகமும் அழுகிற முகமும் போட்ட ஒரு தொடுதிரை மெஷினும் வைத்திருக்கிறீர்களே, அந்த மருத்துவமனை. "செலவைக் குறைக்கச் சொல்லி மேலேர்ந்து ஆர்டர் சார்" என்று உங்கள் ஊழியர்களே சொன்னார்கள். அந்த ஆர்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 19 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன், வீடு குடியாத்தத்தில். அதனால் செலவுக் குறைப்பு என்ற வார்த்தையின் மேல் எனக்குக் கோபம் கிடையாது, நானே எத்தனையோ செலவை வெட்டச் சொல்லி ஃபைல் அனுப்பியிருக்கிறேன். ஆனால் நீங்கள் போட்டிருப்பது நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற கணக்கு. அதை ஒரு கணக்குக்காரனாகவே சொல்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. பித்தப்பையில் கல் என்று உங்களிடம் சேர்த்தோம், லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். உங்கள் சர்ஜனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு பேப்பரில் படம் வரைந்து, அம்மாவுக்குப் புரிகிற மாதிரி பத்து நிமிடம் பேசினார். மறுநாளே அம்மா தானாக நடந்து பாத்ரூம் போனார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனிமேல் நான் சொல்வதையெல்லாம் "ரிசல்ட் நல்லாத்தானே வந்துது, அப்புறம் என்ன?" என்று நீங்கள் ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்.

டிஸ்சார்ஜ் நாளுக்கு வருகிறேன். நேரத்தையெல்லாம் போனில் குறித்து வைத்திருக்கிறேன், தொழில் புத்தி.

காலை 9.20க்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "இன்னைக்கு வீட்டுக்குப் போலாம்மா" என்றார். அம்மா உடனே தலை வாரி, நைட்டியை மாற்றிப் புடவை கட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். 11 மணிக்கு வரச் சொல்லி கார் பேசியிருந்தேன். 10.45க்கு விசாரித்தால் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகவில்லை, டியூட்டி டாக்டர் தியேட்டரில் இருக்கிறார். 12 மணிக்கு சம்மரி வந்தது, ஆனால் ஃபார்மசி கிளியரன்ஸ் வரவில்லை. மிச்சமான மருந்தைக் கீழே கொடுத்து ரிட்டர்ன் போட வேண்டும், கொண்டுபோக அட்டெண்டர் இல்லை. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன், அதற்கு ரூல்ஸ் இல்லையாம். 12.40க்குச் சாப்பாட்டு வண்டி வந்தது, எங்கள் கட்டிலைத் தாண்டிப் போனது. ஏன் என்று கேட்டால், "டிஸ்சார்ஜ் போட்டாச்சு சார், கம்ப்யூட்டர்ல டயட் தானா கேன்சல் ஆயிடும்." அதாவது வீட்டுக்குப் போகவும் விடமாட்டீர்கள், இங்கே சாப்பிடுகிற கணக்கிலும் அம்மா இல்லை. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவர். 1.30க்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்க ஆரம்பித்தது. நர்ஸ் ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தார், 61. அவர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்க, நான் கேன்டீனுக்கு ஓடினேன். இட்லியோடு திரும்பி வந்தபோது அம்மா மெல்லச் சொன்னார்: "உட்டிருந்தா ஊட்டுக்குப் போய் ஒரு வாய் கஞ்சியாவது குடிச்சிருப்பேனேடா."

கையில் மருந்து ஏற்றப் போட்டிருந்த ஊசிக்குழாயை, அந்த வென்ஃப்ளானைக்கூட எடுக்கவில்லை. பில் செட்டில் ஆனால்தான் எடுப்பார்களாம். 1 மணிக்கே கார்க்காரர் வெயிட்டிங் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இவ்வளவுக்கும் எல்லோரும் சொன்ன ஒரே பதில், "இன்சூரன்ஸ் அப்ரூவல் வரல." நானும் நம்பி இன்சூரன்ஸ் கம்பெனியை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் போனில் எஸ்எம்எஸ் வந்தது: மருத்துவமனையிலிருந்து இறுதி பில் வந்து சேர்ந்தது, நேரம் 3.41. அடுத்த எஸ்எம்எஸ்: அனுமதி கொடுக்கப்பட்டது, 4.34. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 2024 மே மாதம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட உத்தரவுப்படி, மருத்துவமனை டிஸ்சார்ஜ் கோரிக்கை அனுப்பியதிலிருந்து 3 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும், அவர்கள் அதற்கு வெகு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். 9.20லிருந்து 3.41 வரை, 6 மணி 21 நிமிடம், அந்தக் காகிதம் உங்கள் கட்டடத்தைத் தாண்டவே இல்லை. நாங்கள் கேட்டைத் தாண்டியபோது மணி 6.10.

போகிற போக்கில் இன்னொன்று. இன்சூரன்ஸில் கழித்த 11,840 ரூபாயை நான் கையிலிருந்து கட்டினேன். எதெதற்கு என்று கேட்டால் "கன்சாலிடேட்டட் பில்தான் சார் வரும்" என்றார்கள். யாரிடம் போய்க் கேட்பது? முன்பு கேட்க ஒரு இடம் இருந்தது, இப்போது பூந்தொட்டி இருக்கிறது.

அந்த இடத்தின் அருமை எனக்கு எப்படித் தெரியும் என்றால், ரெண்டு வருடம் முன்பு என் மாமாவை இதே மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அப்போதும் டிஸ்சார்ஜுக்கு மாலை ஆனது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கவுண்டரில் இருந்த பெண் வார்டுக்கு ஒரு போன் போட்டு, பில்லிங்குக்கு ஒரு போன் போட்டு, "சார், மூணு மணிக்கு முன்னாடி ஆகாது, மாமாவுக்கு வார்டுலயே சாப்பாடு சொல்லிட்டேன், நீங்க வெளிய போய் சாப்ட்டு வாங்க" என்றார். ரெண்டு நிமிட வேலை. நான் நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டேன். அந்தப் பெண் எனக்குப் பின்னால் நின்ற ஒரு குடும்பத்திடம் இந்தியில் பேசினார், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவரிடம் தெலுங்கில் பேசினார். வேலூரில் இது ஆடம்பரம் இல்லை. 1900ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த சிஎம்சி மருத்துவமனையைத் தேடி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஜனங்கள் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்குகிறார்கள், லாட்ஜ் பலகையே வங்காள மொழியில் எழுதியிருக்கிற ஊர் இது. அந்தக் கூட்டத்தில் ஒரு பங்குதான் உங்கள் வாசலுக்கும் வருகிறது.

இந்த முறை நான் பார்த்தது, வேட்டியை ஒரு தினுசாகக் கட்டிய ஒரு வடநாட்டுப் பெரியவர், கையில் ரிப்போர்ட் கவரோடு, அந்த மெஷின் முன்னால் வந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார். சிரிக்கிற முகத்தை அமுக்கினார். யாராவது வருவார்கள் என்று நினைத்திருப்பார் போல. மெஷின் 'நன்றி' என்று காட்டியது. மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் நன்றி. மூன்று தடவை. உங்கள் மாத ரிப்போர்ட்டில் அந்தப் பெரியவர் மூன்று திருப்தியான நோயாளிகளாகப் பதிவாகியிருப்பார்.

எங்கள் வார்டிலும் இதே கதைதான். கிளம்புகிற நேரத்தில் நர்ஸ் ஒரு டேப்லெட்டை நீட்டினார். "அண்ணா, எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுடுங்கண்ணா. நாலு போட்டாகூட எங்களைத்தான் கூப்ட்டு கேக்கறாங்க." அம்மாவுக்கு சர்க்கரை இறங்கியபோது ஓடி வந்த அதே பெண். அவருக்குத் திட்டு விழக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் அஞ்சு போட்டேன். ஆக, அன்று என் அம்மா பட்ட பாடு உங்கள் ஆவணத்தில் ஐந்துக்கு ஐந்து. நான் ஆடிட் பார்க்கிற இடத்தில் இப்படி ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர் வந்தால், தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நேரே குடோனுக்குப் போய் எண்ணிப் பார்ப்பேன்.

எங்கள் தொழிலில் அனுப்பிய சரக்கு பிடிக்கவில்லை என்றால் பையர் திருப்பி அனுப்புவான். கன்டெய்னர் திரும்பி வந்து வாசலில் நிற்கும், நஷ்டம் கண்ணுக்குத் தெரியும். உங்கள் தொழிலில் அது கிடையாது. பிடிக்காதவர் சத்தமில்லாமல் அடுத்த தடவை வேறு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறிவிடுவார், உங்கள் டாலியில் அதற்கு லெட்ஜரே இல்லை. நான்கு பெண்களின் சம்பளம் மட்டும் மாதா மாதம் செலவுப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். வெட்டுவதற்கு அதுதான் கைக்கு எட்டும்.

சரி, என் வீட்டுக் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். பழைய பில்களை வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பம், அக்கா குடும்பம், மாமா குடும்பம் மூன்றும் சேர்ந்து கடந்த 11 வருடத்தில் உங்களிடம் கட்டியது 6,83,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கவுண்டர் பெண்களுக்கு ஆளுக்கு மாதம் 14,000 என்று வைத்தால் நான்கு பேருக்கு வருடம் 6,72,000. வருமானம் வேறு, லாபம் வேறு, அது எனக்கும் தெரியும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்குதான் உங்களுக்கு மிஞ்சுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் கூட்டத்திடமிருந்து 11 வருடத்துக்கும் சேர்த்து அது 68,300 ரூபாய். அப்படிப் பார்த்தால் எங்களைப் போல ஒரு பத்துக் கூட்டத்தை வருடா வருடம் அந்தக் கவுண்டர் கைநழுவாமல் பிடித்து வைத்தாலே அதன் சம்பளம் வந்துவிடுகிறது. உங்கள் ஓபியில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் டோக்கன் போடுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். வருடத்துக்குப் பத்தே பத்துக் கூட்டம்தான் மனம் கசந்து போகிறதா? அக்கா மகளின் பிரசவத்துக்கு உங்களிடம் பார்ப்பதாக இருந்தது. இப்போது வேறு இடத்தில் கார்டு போட்டுவிட்டார்கள். இது எந்த ரிப்போர்ட்டிலும் வராது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கட்டில் விஷயம் இன்னும் மோசம். 1 மணி இருக்கும், நான் கீழே கேஷுவாலிட்டி பக்கம் போனபோது பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ஸ்ட்ரெச்சரோடு நின்றுகொண்டிருந்தது. "மேல பெட் இல்ல" என்று உங்கள் ஆட்கள் சொல்லிவிட, அரை மணி காத்திருந்து, வந்த ஆம்புலன்ஸிலேயே வேறு இடத்துக்குப் போனார்கள். மேலே என் அம்மா புடவை கட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பெட்டை அடைத்து உட்கார்ந்திருந்தார். எங்கள் கம்பெனிக் கணக்கில் இதை மெஷின் சும்மா நிற்பது என்போம், ஒரு மணி நேரம் நின்றால் முதலாளி தலையில் கை வைத்துவிடுவார்.

என் வீட்டுக் கதையை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகள் நோயாளிகளிடம் ஒரே மாதிரியான கேள்விகள் கேட்கின்றன, 2008லிருந்து அந்த மதிப்பெண்ணை அரசே ஊரறிய வெளியிடுகிறது. நர்ஸ் காது கொடுத்துக் கேட்டாரா, மருந்தைப் பற்றிச் சொன்னார்களா, வீட்டுக்குப் போனால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினார்களா, இந்த மாதிரிக் கேள்விகள். 2012 அக்டோபரிலிருந்து அங்கே மெடிகேர் என்ற அரசு இன்சூரன்ஸ் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிற பணத்திலேயே ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, மதிப்பெண்ணைப் பார்த்துத் திருப்பித் தருகிறார்கள். முதலில் 1 சதவீதம், இப்போது 2 சதவீதம், அந்த மதிப்பெண்ணில் கால் பங்கு நோயாளிகள் சொல்வது. டெலாய்ட் நிறுவனம் 2008லிருந்து 2014 வரைக்குமான கணக்குகளை எடுத்துப் பார்த்து 2016ல் வெளியிட்டது: நோயாளிகள் மிக உயர்வாக மதிப்பிட்ட மருத்துவமனைகளின் நிகர லாப விகிதம் சராசரியாக 4.7 சதவீதம், குறைவாக மதிப்பிட்டவற்றில் 1.8. அதிலும் நர்ஸுகள் நோயாளியிடம் எப்படிப் பேசினார்கள் என்பதற்கும் லாபத்துக்கும்தான் தொடர்பு பலமாக இருந்தது. 

உடனே உங்கள் ஃபைனான்ஸ் ஆள் சொல்வார், பணம் இருக்கிற மருத்துவமனை நிறைய ஆள் வைக்கும், அதனால் நோயாளிக்குத் திருப்தி, லாபத்தால் திருப்தியா திருப்தியால் லாபமா என்று. நியாயமான கேள்வி, நானும் கேட்டிருப்பேன். அந்த ஆய்வு ரெண்டும் சேர்ந்து போகிறது என்று காட்டுகிறது, ஒன்று மற்றதைப் பெற்றெடுத்தது என்று நிரூபிக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், நோயாளியைக் காக்க வைத்து, யாரும் பேசாமல் விட்டால் லாபம் கூடும் என்று காட்டுகிற கணக்கு உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் எடுத்துப் போடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. நோயாளிக்குப் பிடித்ததெல்லாம் நல்ல வைத்தியம் ஆகாது. 2012ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் அதிகத் திருப்தி சொன்னவர்களுக்கு வைத்தியச் செலவும் அதிகம், இறப்பு விகிதமும் அதிகம் என்று வந்தது. நம் ஊர்ப் பக்கமே ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், காய்ச்சலுக்குக் குளுக்கோஸ் ஏத்தினால்தான் திருப்தி. அந்தத் திருப்தியை நான் கேட்கவில்லை. ஏசி லவுஞ்ச், அக்வேரியம், ரிசப்ஷனில் பன்னீர் ரோஜா எதுவும் வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு மதியச் சாப்பாடும், எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்ற உண்மையும்தான் கேட்கிறேன்.

"அமெரிக்கக் காசு வேற, நம்ம ஊர் வேற" என்பீர்கள். மதுரைக்குப் போங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். பாதிக்கு மேல் நோயாளிகளுக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ பார்த்துக்கொண்டே சொந்தக் காலில் நிற்கிற இடம் அது. அங்கே ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியிடம் உட்கார்ந்து, என்ன லென்ஸ், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் என்று பேசுவதற்கென்றே கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், கிராமத்துப் பெண்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். பைசா பைசாவாகச் செலவு பார்க்கிற அந்த இடத்தில் வெட்டாத வேலையைத்தான் நீங்கள் முதலில் வெட்டியிருக்கிறீர்கள்.

கோர்ட்டு கேஸ் என்று மிரட்டுவதற்காக எழுதவில்லை. 1995ல் உச்ச நீதிமன்றம் காசு வாங்கிச் செய்கிற மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது, அது உங்களுக்குத் தெரியும், உங்கள் வக்கீலுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2001லிருந்து ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள்: தப்பு நடந்தால் நோயாளியிடம் தாங்களே போய்ச் சொல்வது, மன்னிப்புக் கேட்பது, இழப்பீடு கொடுக்க வேண்டுமென்றால் இழுத்தடிக்காமல் கொடுப்பது. நஷ்டஈடு கேட்டு வருகிற புதுக் கோரிக்கைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, வக்கீல் செலவும் குறைந்தது. அன்று அம்மாவுக்கு சர்க்கரை 61க்கு இறங்கியதற்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து "எங்க தப்பும்மா" என்று சொல்லியிருந்தால் இந்த மடலே இல்லை.

இனி, நான் கேட்பது. அந்தக் கவுண்டரைத் திரும்பத் திறங்கள், வேலையை விட்டு நிறுத்தின அந்த நான்கு பெண்கள் வரத் தயாராக இருந்தால் அவர்களையே கூப்பிடுங்கள், இந்தியோ வங்காளமோ பேசுகிற ஒருவராவது காலை முதல் இரவு 8 மணி வரை இருக்கட்டும். பூந்தொட்டி இருந்துவிட்டுப் போகட்டும், மெஷினை எடுத்துவிடுங்கள். நோயாளி கட்டிலை விட்டு இறங்குகிற வரைக்கும் கம்ப்யூட்டர் சாப்பாட்டை நிறுத்தக்கூடாது, இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, சாஃப்ட்வேர்காரரிடம் ஒரு போன். வென்ஃப்ளானை எடுக்கச் சொல்ல வேண்டியது டாக்டர், பில்லிங் இல்லை.

டாக்டர் "போலாம்" என்று சொன்ன நேரத்திலிருந்து நோயாளி கேட்டைத் தாண்டுகிற நேரம் வரை தினமும் குறித்து, மாதக் கடைசியில் சராசரியை அதே லிஃப்டுக்கு எதிரே எழுதிப் போடுங்கள். டிஸ்சார்ஜுக்கு ஆகிற நேரத்தை என்ஏபிஎச் என்ற மருத்துவமனைத் தரச்சான்றிதழுக்கே கணக்கு வைக்கச் சொல்கிறார்கள், புதிதாக எதுவும் கேட்கவில்லை. தாமதம் எங்கே என்று பிரித்து எழுதுங்கள், இன்சூரன்ஸ் எவ்வளவு, நீங்கள் எவ்வளவு. வார்டு நர்ஸ் கையில் டேப்லெட் கொடுத்து மதிப்பெண் வாங்குவதை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போன ஒரு வாரம் கழித்து, வார்டுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் போன் போட்டுக் கேட்கட்டும். நாலு வாங்கின நர்ஸைக் கூப்பிட்டு விசாரிக்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள், முக்கியமாக நான் இதை எழுதியதற்காக அந்த வார்டில் யாரையும் கேட்காதீர்கள்.

கடைசியாக என் சொந்தக் கணக்கு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தை உங்கள் ரிசப்ஷன் சுவரில் நீங்களே ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். விவரமான பில் கேட்டு வாங்குகிற உரிமை அதில் எழுதியிருக்கிறது. அந்த 11,840 ரூபாய்க்கு ஒவ்வொரு வரியாகப் பட்டியலும், அன்று மதியம் அம்மாவுக்கு ஏன் சாப்பாடு நின்றது என்பதற்கு எழுத்தில் ஒரு பதிலும் வேண்டும். அடுத்த மாதம் 18ஆம் தேதி அம்மாவை ரிவ்யூவுக்கு வரச் சொல்லியிருக்கிறார் உங்கள் சர்ஜன், அவருக்காகக் கூட்டி வருவேன். ரெண்டையும் அன்று காலை 10 மணிக்கு, அந்தக் கவுண்டரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து, ஐந்துக்கு ஐந்து போட்டவன்